மூன்று மாதக் குழந்தைக்கு நுரையீரல் தமனி இடம் மாறியிருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு மூன்று மாதம். பிறந்து பத்து நாளிலிருந்தே மூச்சு விடும்போது சத்தம். இரண்டு கிளினிக்கில் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்தார்களாம், குறையவில்லை. கடைசியில் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்து, இடது நுரையீரல் தமனி வர வேண்டிய இடத்தில் வரவில்லை, இது ‘ஸ்லிங்’ என்று சொல்லி, சி.டி. ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசவும் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய முக்கியக் கேள்விகள் மூன்று. அறுவை கட்டாயம்தானா? கொஞ்சம் எடை கூடும் வரை காத்திருக்கலாமா? கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று மாமியார் சொல்கிறாரே, அது உண்மையா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். இல்லை, தங்கச்சி. கிரகணம் இல்லை, நீங்கள் சாப்பிட்ட எதுவும் இல்லை, மாடிப்படி ஏறியதும் இல்லை. குழந்தையின் இதயமும் பெரிய இரத்தக் குழாய்களும் கருத்தரித்த முதல் எட்டு வாரத்துக்குள்ளேயே ஏறக்குறைய முழு வடிவத்துக்கு வந்துவிடும். பல பெண்களுக்கு அப்போது தான் கர்ப்பமாக இருப்பதே உறுதியாகியிருக்காது. அந்த நாட்களில் இடது நுரையீரலுக்குப் போக வேண்டிய குழாய் தன் பக்கத்தில் உருவாகாமல், வலது பக்கக் குழாயிலிருந்து ஒரு கிளையாக முளைத்துவிட்டது. யார் செய்த தவறும் இல்லை. ஆயிரம் குழந்தைகளில் எட்டுப் பேர் அளவில் ஏதாவது ஒரு இதயக் குறையோடு பிறக்கிறார்கள். அவர்களில் ஸ்லிங் மிகவும் அரிது.

சரி, ஸ்லிங் என்றால் என்ன? இதயத்தின் வலது கீழறையிலிருந்து கெட்ட இரத்தத்தை நுரையீரலுக்கு எடுத்துப் போகும் பெரிய குழாய்தான் நுரையீரல் தமனி. அது கொஞ்ச தூரம் போனதும் வலது, இடது என்று இரண்டாகப் பிரியும். இரண்டுமே மூச்சுக்குழாய்க்கு முன்புறமாகப் பிரிந்து போக வேண்டும். உங்கள் மகனுக்கு இடது கிளை வலது கிளையிலிருந்து புறப்பட்டு, வலது பக்க மூச்சுக் கிளைக்கு மேலாக ஏறி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே புகுந்து, பின்பக்கமாகச் சுற்றி இடது நுரையீரலுக்குப் போகிறது. கை எலும்பு முறிந்தால் கழுத்திலிருந்து ஒரு துணியைத் தொங்கவிட்டுக் கையைத் தாங்குவோமே, அதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்லிங் என்பார்கள். இங்கே தமனியே அந்தத் துணி மாதிரி மூச்சுக்குழாயைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறது. இதயம் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அவதிப்படுவது மூச்சுக்குழாய்தான். அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆகிறது. நெஞ்சில் முணுமுணுப்புச் சத்தம் இருக்காது, உதடு நீலமாக இருக்காது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டும். இதய நோய் என்று நினைக்க யாருக்கும் காரணம் இருக்காது.

உங்களுக்கு ஆஸ்துமா என்று சொன்னவர்கள் மேல் கோபம் இருப்பது தெரிகிறது. நானும் அந்தத் தவற்றைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன், பயிற்சி மருத்துவராக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று மூன்றாவது முறையாக வார்டுக்கு வந்தது. நெஞ்சில் இரைப்பு, ஆஸ்துமா என்று அட்டையில் எழுதியதே நான்தான். நெபுலைசர் வைத்தோம், ஸ்டீராய்டு கொடுத்தோம், அசையவே இல்லை. இரவு வேலையில் இருந்த மூத்த மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “டாக்டர், இந்தப் பிள்ளை மூச்சை இழுக்கும்போதும் சத்தம் வருது, விடும்போதும் வருது. ஆஸ்துமாப் பிள்ளைக்கு இப்படி வராது” என்றார். மறுநாள் பேரியம் என்ற, எக்ஸ்ரேயில் தெரியும் கரைசலை விழுங்க வைத்துப் படம் எடுத்தோம். பக்கவாட்டுப் படத்தில் உணவுக்குழாயின் முன்பக்கத்தில், கட்டை விரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் போகும் பெரிய தமனி ஸ்லிங் ஒன்றுதான். மற்ற இரத்தக் குழாய்க் கோளாறுகள் உணவுக்குழாயைப் பின்பக்கமிருந்து அழுத்தும். அந்த முன்பக்கப் பள்ளத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிலிருந்து மூச்சுச் சத்தத்தோடு வரும் எந்தக் குழந்தையாக இருந்தாலும் முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்கிறேன். ஆஸ்துமாவிலும் சளியிலும் வரும் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும், மருந்துக்கு ஓரளவு அடங்கும், நாளுக்கு நாள் மாறும். பெரிய மூச்சுக்குழாய் நெரிபட்டால் சத்தம் கரகரப்பாக, இழுக்கும்போதும் விடும்போதும் வரும். பால் குடிக்கும்போதும் அழும்போதும் கூடும். நல்லாயிருக்கும் நாளில்கூட முழுதாக விடாது. பிறந்த சில வாரத்துக்குள் தொடங்கி, நெபுலைசருக்கு மசியாத சத்தம் என்றால் ஆஸ்துமா என்ற பெயரை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். குரல்வளை இளசாக இருப்பதாலும் குழந்தைகளுக்குச் சத்தம் வரும், அதுதான் அதிகம் காண்பது. அது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆகவே சத்தம் கேட்ட எல்லா அப்பா அம்மாவும் பயப்பட வேண்டாம்.

எக்கோ பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைச் சரியான கோணத்தில் பார்த்தால், திரையில் ஒரு கால்சட்டையைத் தொங்கவிட்டது போலத் தெரியும். இடுப்புப் பகுதி பெரிய தமனி, இரண்டு கால்கள் இரண்டு கிளைகள். ஸ்லிங் இருந்தால் இடது காலைக் காணோம். ஆனால் நுரையீரல் தமனியையும், உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய், டக்டஸ் என்போம், பிறந்த குழந்தைகளில் இன்னும் மூடாமல் அதே இடத்தில் அதே திசையில் போகும். அவசரமாகப் பார்ப்பவர் அதை இடது கால் என்று எண்ணி ‘நார்மல்’ என்று எழுதிவிடலாம். இரண்டு கால்களும் நுரையீரலுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த எக்கோ முடிந்தது என்று என்னிடம் பயில வருகிறவர்களுக்குச் சொல்வேன். உங்கள் மகனுக்கு எக்கோ செய்தவர் அந்தக் காலைக் காணோம் என்று கவனித்திருக்கிறார். பெரிய வேலை செய்திருக்கிறார்.

இப்போது அறுவை. மூச்சுத் தொந்தரவு இருக்கும் குழந்தைக்கு ஸ்லிங் என்றால், ஆம், அறுவை வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. மருந்தால் தமனியை இடம் மாற்ற முடியாது. வளர வளர இடம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரியவந்து, எந்தத் தொந்தரவும் இல்லாத பெரிய பிள்ளைகளைச் சில சமயம் கண்காணிப்பில் மட்டும் வைப்போம். உங்கள் மகன் அந்த வகை இல்லை. எடை கூடட்டும் என்று காத்திருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு விடுவதற்கே இவ்வளவு உழைக்கும் குழந்தைக்குக் குடிக்கும் பாலெல்லாம் அந்த உழைப்பில் போய்விடும், எடை ஏறாது. நடுவில் சாதாரணச் சளி பிடித்தால்கூட ஆபத்து. குழாயின் உள் அகலம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 16 மடங்கு ஆகும். ஏற்கெனவே ஒடுங்கிய குழாயில் சளியால் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் எவ்வளவு அவசரம் என்பதைக் கோலாலம்பூரில் சி.டி. பார்த்தபின் அவர்கள் சொல்வார்கள். போகும் தேதியை மட்டும் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த சி.டி. எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். தமனி எங்கே போகிறது என்று எக்கோவிலேயே ஓரளவு தெரிந்துவிட்டது. சி.டி.யில் முக்கியமாகப் பார்ப்பது மூச்சுக்குழாயை. நம் மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. ஆனால் அவை முழு வளையங்கள் இல்லை, பின்பக்கம் திறந்த குதிரை லாட வடிவம். பின்சுவர் மென்மையான சவ்வு. ஸ்லிங் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு, சில இடங்களில் பார்த்த கணக்கில் அதற்கும் மேலாக, இந்த வளையங்கள் முழு வட்டமாகவே இருக்கும். அப்படி இருந்தால் தமனியின் அழுத்தத்தை எடுத்துவிட்டாலும் குழாய் விரியாது, அது பிறவியிலேயே ஒடுக்கம். தமனியை மட்டும் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பினால் சத்தமும் திணறலும் அப்படியே இருக்கும். ஆகவே அறுவைக்கு முன்போ அறுவை மேசையிலேயோ மெல்லிய கேமராக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, வளையங்கள் லாடமா வட்டமா என்று நேரில் பார்ப்பார்கள். நீங்கள் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “என் மகனுக்கு முழு வளையம் இருக்கிறதா? எவ்வளவு நீளத்துக்கு?” அடுத்தது, “இருந்தால், மூச்சுக்குழாயை யார் சரிசெய்வார்கள்?” ஏனென்றால் அது இதய அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், தீவிர சிகிச்சை மருத்துவர் என்று எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை. எல்லா மருத்துவமனையிலும் அந்தக் குழு இருக்காது.

தமனியைச் சரிசெய்வது நுணுக்கமானது, ஆனால் நன்றாகப் பழகிய அறுவை. நெஞ்செலும்பை நடுவில் திறந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் குழந்தையை வைத்து, இடது கிளையை வலது கிளையிலிருந்து வெட்டி எடுப்பார்கள். மூச்சுக்குழாய்க்குப் பின்னால் இருந்ததை முன்பக்கம் கொண்டுவந்து, அது முதலிலேயே கிளம்பியிருக்க வேண்டிய பெரிய தமனியில் தைப்பார்கள். இந்தக் குறையை 1897இலேயே கிளேவெக்கே, டோலே என்ற இரண்டு பேர், மூச்சுத் திணறி இறந்த ஏழு மாதக் குழந்தையின் பிரேதப் பரிசோதனையில் பார்த்து எழுதிவைத்தார்கள். ஆனால் சிகாகோவின் வில்லிஸ் பாட்ஸ் அறுவை செய்து வெற்றி கண்டதை 1954இல்தான் வெளியிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாமல் நெஞ்சைத் திறந்து, கண்டதை அங்கேயே புரிந்துகொண்டு தமனியை வெட்டி முன்பக்கம் தைத்தார். இன்று நாம் வெட்டுவதற்கு முன்பே முப்பரிமாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம்.

மூச்சுக்குழாயும் ஒடுங்கியிருந்தால் அதே மயக்கத்திலேயே ‘ஸ்லைடு’ முறையில் அதையும் சரிசெய்வார்கள். ஒடுக்கத்தின் நடுவில் குழாயைக் குறுக்கே வெட்டுவார்கள். மேல் துண்டின் ஒரு பக்கத்திலும் கீழ்த் துண்டின் எதிர்ப்பக்கத்திலும் நீளவாக்கில் கீறி, ஒன்றின் மேல் ஒன்றைச் சறுக்கித் தைப்பார்கள். ஒடுங்கிய பகுதியின் நீளம் பாதியாகும், சுற்றளவு இரட்டிப்பாகும். குழந்தையின் சொந்தத் திசுவே என்பதால் பிள்ளையோடு சேர்ந்து வளரும். முன்பு வேறு இடத்துத் திசுவை ஒட்டுப்போட்டார்கள், அதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு சில நாள் வென்டிலேட்டர், கேமராவை விட்டு உள்ளே புண் ஆறுகிறதா என்று பார்ப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது என்று தீவிர சிகிச்சையில் நாட்கள் நீளும். தமனி மட்டும் என்றால் சீக்கிரம் வெளியே வருவார்கள், மூச்சுக்குழாயும் என்றால் வாரக்கணக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் சில மாதம் சத்தம் கொஞ்சம் இருக்கும், நெரிபட்டு மெத்தென்றான சுவர் உறுதிப்பட நேரமெடுக்கும். அறுவை தோற்றுவிட்டது என்று அப்போது பதறாதீர்கள்.

உங்களைப் போலவே ‘தமனியில் கோளாறு’ என்று சொல்லப்பட்ட மற்ற பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிலைகள் இருக்கின்றன. பிறந்த சில வாரக் குழந்தையின் முதுகிலும் அக்குளிலும் மெல்லிய முணுமுணுப்புக் கேட்டு ‘கிளைகள் சின்னதாக இருக்கின்றன’ என்று சொன்னால், அது பெரும்பாலும் நோயே இல்லை. கருவில் நுரையீரலுக்குக் கொஞ்ச இரத்தம்தான் போகும், அதனால் கிளைகள் ஒல்லியாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் அவை வளர்ந்து சத்தம் போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால்தான் தேட வேண்டும். வில்லியம்ஸ், அலாஜில், நூனன் போன்ற மரபணுக் காரணங்களில் கிளை ஒடுக்கம் வரும். தாய்க்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தாலும் வரும். நம் நாட்டில் 9, 12 மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். ஊசி ரூபெல்லாவையும் தடுப்பதால், பிற்காலத்தில் அந்தப் பிள்ளை சுமக்கும் கருவையும் காக்கிறது. கடுமையான ஒடுக்கத்துக்கு பலூன், ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து விரிப்பார்கள்.

இன்னொரு பக்கம், காத்திருக்கவே முடியாதவை உண்டு. ஒரு கிளை மகாதமனியிலிருந்து நேராகப் பிறந்தால், உடம்புக்குப் போகும் அதே அழுத்தத்தில் இரத்தம் நுரையீரலுக்குள் பாயும். சில வாரத்திலேயே அறுவை செய்யாவிட்டால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஒரு பக்கத் தமனி இல்லவே இல்லை என்று சொன்னால், பல சமயம் அது டக்டஸிலிருந்து இரத்தம் வாங்கிக்கொண்டிருந்து, டக்டஸ் மூடியதும் பட்டுப்போனது என்றுதான் அர்த்தம். எக்ஸ்ரேயில் அந்தப் பக்க நுரையீரல் சிறுத்திருக்கும். சின்ன வயதிலேயே கண்டால் மறுபடி இணைக்க வாய்ப்புண்டு, பதின்ம வயதில் இருமலில் இரத்தம் வந்து கண்டால் கடினம். தமனியின் வாசலே அடைபட்டுப் பிறக்கும் நீலக் குழந்தைகளுக்கு டக்டஸைத் திறந்து வைக்க புரோஸ்டாகிளாண்டின் சொட்டு மருந்து ஏற்றி, பிறகு அதற்குள் ஸ்டென்ட் வைப்பது ஒரு வழி. ஐ.ஜே.என். என்று நாம் சொல்லும் தேசிய இருதயக் கழகத்தில் டாக்டர் மாஸெனி அல்வியும் குழுவினரும் அந்த முறையில் செய்த வேலையை 2004இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அதை எடுத்துப் பேசுகிறார்கள். கோலாலம்பூரில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போகும் நாள் வரை வீட்டில் சில காரியங்கள். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவதை உடனே நிறுத்துங்கள். ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் அந்த அறையில் வேண்டாம், புகைமூட்ட நாட்களில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். தொக்கம் எடுக்கிறேன், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுக்கிறேன், உரம் எடுக்கிறேன் என்று எவ்வளவு நல்ல மனதோடு யார் வந்தாலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். மாமியாரிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். சளி பிடித்த உறவினர்கள் பிள்ளையைப் பார்க்க அப்புறம் வரட்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே போனால், உதடு நீலமானால், மூச்சு சில வினாடி நின்றால், பால் குடிக்கவே மறுத்தால் 999 கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், கிளினிக்கில் நிறுத்தாதீர்கள்.

பணம் பற்றி நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் தெரிந்தது. அரசு மருத்துவமனை எழுதிய கடிதம் கையில் இருப்பது முக்கியம். அதோடு போவதும், நீங்களாகத் தனியாரிடம் போய்ச் சேர்வதும் செலவில் வேறு வேறு. பினாங்கிலேயே மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று வார்டு மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புப் பத்திர நகல்களோடு போனால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவர்களே வழிகாட்டுவார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று உங்கள் கணவர் கேட்டாராம். வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனாலும் குறைவுதான். அடுத்த முறை கர்ப்பமானால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தை எக்கோவில் பார்க்கச் சொல்லி, இந்தப் பிள்ளையின் அறிக்கையைக் காட்டுங்கள்.

புறப்படும் முன் ஃபோனில் மூன்று சிறிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது, பால் குடிக்கும்போது, அழும்போது. சட்டையைக் கழற்றி, நெஞ்சு தெரியும்படி, டிவியை நிறுத்திவிட்டு எடுங்கள். டாக்டர் முன் பிள்ளை அமைதியாகத் தூங்கிவிட்டால் அந்தச் சத்தத்தை நீங்கள் எப்படி வாயால் விளக்குவீர்கள்? எக்கோவும் எக்ஸ்ரேயும் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் அறிக்கைத் தாள் போதாது. பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் நாலு மணி நேரப் பயணம். கூட்டமான பஸ்ஸைவிட அது பிள்ளைக்கு நல்லது, ஆனால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஸ்கேனுக்கு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் தாய்ப்பால் நாலு மணி நேரம் முன்பும், மாவுப் பால் ஆறு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஸ்கேன், ஐந்து மணியோடு தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்றால், நாலரைக்கு அலாரம் வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள்.